கடலைக் காட்டும் படங்களில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

கதை நடப்பது ராமேஸ்வரம் என்று திரையில் எழுத்துப் போடுகிறார்கள். அடுத்த காட்சியில் ஆளுயர அலை எழும்பி வந்து பாறையில் மோதிச் சிதறுகிறது. இந்த ராமநாதபுரம் கரையில் வளர்ந்த சின்னப் பிள்ளைகூட அங்கேயே சொல்லிவிடும்: "இது நம்ம ஊர் இல்லண்ணே."

காரணம் எளிது. ராமேஸ்வரம் கோயிலுக்கு எதிரே கிடக்கும் அக்னி தீர்த்தம் பாக் விரிகுடாவின் கரை. அந்தக் கடல் பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வடக்கே கோடியக்கரை, கிழக்கே இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல் திட்டுகளும் என்று மூன்று பக்கமும் அணைத்து நிற்பதால் பெருங்கடலின் அலை உள்ளே வருவதில்லை. ஆண்டின் பாதி நாள் அது குளம் மாதிரிக் கிடக்கும். அதனால்தான் இங்குள்ளவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும், தீவுக்கு அந்தப் பக்கம் இரையும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். அலை வேண்டுமானால் தென்கடல் பக்கம் போக வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போக வேண்டும்.

அங்கும் மாதம் பார்த்துத்தான் போக வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சோழகமும் கச்சானும் அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை எடுத்தால் நிலைமை தலைகீழ். வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கடல் தொழிலுக்கு வசதியாகும். நாட்டுப்படகுக்காரர்கள் குடும்பத்தோடு கடல் மாறி வலசை போவது இந்தக் கணக்கில்தான். ஒரு படத்தில் கார்த்திகை வாடையைக் காட்டும்போது கொடிமரத்துத் துணி வடக்கு நோக்கிப் பறந்தால், அந்தக் காட்சியை எடுத்தவருக்கு இந்தக் கடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

தமிழ் சினிமாவின் கடல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விடை முட்டத்தில் கிடைக்கிறது. பாரதிராஜா 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' என்று இரண்டு படங்களில் குமரி மாவட்டத்து முட்டத்தைக் காட்டினார். பாறை, பாறைமேல் வெடிக்கும் அலை, தேவாலயம், செம்மண் மேடு. அழகான இடம், அழகாகவும் எடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு மீனவக் கிராமம் என்றாலே அதுதான் அச்சாகிவிட்டது. பின்னால் மணப்பாடு சேர்ந்துகொண்டது. 2013-ல் வந்த 'கடல்' படம் அந்தப் பக்கத்துக் கரையில்தான் உருவானது. முட்டமும் மணப்பாடும் இந்தக் கரைக்குக் கொஞ்சமும் ஒட்டாது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரை தட்டையானது. மணல், பனை, சீமைக்கருவேலம், அங்கங்கே தென்னந்தோப்பு, தண்ணீருக்கடியில் பவளப்பாறை. ஏறி நின்று காதலியைக் கூப்பிட ஒரு மேடுகூட இல்லை.

ஊரின் ஆட்களும் அப்படித்தான். திரையில் மீனவர் என்றால் கழுத்தில் சிலுவை, வீட்டில் மாதா படம். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அப்படி வீடுகள் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, ஏர்வாடி என்று வரிசையாக முஸ்லிம்கள் கடல் தொழில் செய்யும் ஊர்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. கடையர், வலையர் என்று இந்துக் குடும்பங்கள் கடற்பாசி எடுப்பதிலும் சங்கு குளிப்பதிலும் இறங்கியிருக்கின்றன. ஒரே கடற்கரையில் சந்தனக்கூடும் தேர்ப்பவனியும் முளைப்பாரியும் நடக்கிற இடத்தை ஒரே ஒரு தேவாலய மணிக்கூண்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012) தனியாக நிற்கிறது. அதில் நாயகனுக்குப் படகு கட்டித் தருபவர் உதுமான் கனி என்ற முஸ்லிம் ஆசாரி, சமுத்திரக்கனி நடித்திருப்பார். படகை ஒருவர் கட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்கு ஒருவன் பாடுபட வேண்டும் என்பதை அந்தப் படம் கதைக்குள்ளேயே வைத்தது. அதற்காகவே எத்தனை தடவையும் பார்க்கலாம்.

பேச்சையும் இங்கே சொல்லிவிடலாம். ராமேஸ்வரத்து ஆள் "ஏலே மக்கா" என்று கூப்பிட மாட்டான். "மாப்ள", "மச்சான்", "அண்ணே" என்பான். படகு முதலாளியைச் சம்மாட்டி என்பான். குமரிப் பேச்சு தெரிந்த நடிகரை வைத்து எல்லாக் கரையையும் சமாளிக்கப் பார்ப்பது காதில் உடனே இடிக்கும்.

படகுக்கு வருவோம். படத்தை நிறுத்திப் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ.என்.டி, டி.என் என்று தொடங்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கம் எந்தப் பகுதிப் படகு என்பதைச் சொல்லும். எம்.எம் என்றிருந்தால் விசைப்படகு, எம்.ஓ என்றிருந்தால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. ராமேஸ்வரத்து விசைப்படகில் 10 இருக்கும், குமரிப் பக்கத்துப் படகில் 15 இருக்கும். ராமேஸ்வரத்துக் கதையில் 15 வந்தால் எங்கே எடுத்தார்கள் என்று படகே சொல்லிவிடுகிறது.

சத்தமும் காட்டிக்கொடுக்கும். நீளமான தண்டு வைத்த சின்ன டீசல் எஞ்சினின் ஓசை ஒன்று. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் அவுட்போர்டின் ஓசை வேறு. விசைப்படகின் பெரிய எஞ்சின் இரண்டிலும் சேராது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்றுக்கும் ஒரே சத்தத்தை ஒட்டிவிடுகிறார்கள். படம் பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு அது உறைக்காது. ஆனால் கரையில் நின்று, இருட்டில் வரும் படகை எஞ்சின் ஓசையை வைத்தே யாருடையது என்று சொல்லும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தை வைத்தே நல்ல காட்சி ஒன்று எழுதலாம், யாரும் எழுதியதில்லை.

வலை விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. நடுக்கடலில் விசைப்படகின் மேல் நின்று நாயகன் வீச்சுவலையைச் சுழற்றி எறிவான். பார்க்க அம்சமாக இருக்கும். வீச்சுவலை இடுப்பளவுத் தண்ணீருக்கானது. ஓரத்தில் கோத்த ஈயக்குண்டு தரையைத் தொட்டு மீனை மூடினால்தான் பிடிபடும். ஆழத்தில் வலை விரிந்தபடி இறங்குவதற்குள் மீன் அடியில் புகுந்து போய்விடும். விசைப்படகின் தொழில் இழுவை மடி, அதாவது கடலடியோடு இழுத்துப் போகும் பை வலை. பின்பக்கத்திலிருந்து இரண்டு பலகைகளை இறக்குவார்கள். படகு ஓடும்போது தண்ணீரின் தள்ளலில் அந்தப் பலகைகள் இரண்டு பக்கமும் விலகி மடியின் வாயைத் திறந்து வைக்கும். அப்படியே இரண்டு மணி நேரம்போல இழுத்துவிட்டு, கயிறு சுற்றும் எந்திரமான வின்சைச் சுற்றி ரோப்பை ஏற்றி, மடியின் அடிமுடிச்சை உருவினால் இறால், நண்டு, கணவாய், காரல், சேறு, சங்கு எல்லாம் தளத்தில் கொட்டும். பிறகு குனிந்த தலை நிமிராமல் தரம் பிரிப்பார்கள். ரோப் சுற்றும் வேளையில் வின்ச் பக்கத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு படகிலும் புது ஆளுக்குச் சொல்லும் முதல் பாடம். சண்டைக் காட்சிக்கு ஆள் வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் அந்த வின்சைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

வலை சரிசெய்யும் காட்சியும் அப்படியே. நாயகன் துணி தைப்பதுபோல் ஊசியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே வசனம் பேசுவான். உண்மையில் கிழிந்த ஓட்டையை முதலில் கத்தியால் இன்னும் பெரிதாக்குவார்கள். தொங்கும் அரைகுறை நூல்களை வெட்டி எடுத்து, ஓரத்தை முடிச்சு முடிச்சாகச் சீராக்கிய பிறகுதான் ஊசியே கைக்கு வரும். மூன்று நூல் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் முடிச்சில் தொடங்கி, வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்து, அதே மாதிரி மூன்று நூல் முடிச்சில் முடிக்க வேண்டும். இடையில் ஒரு வலைக்கண்ணின் அளவு தப்பினால் அந்த இடம் இழுபட்டு, பாரம் முழுவதும் அங்கே விழுந்து மறுபடி கிழியும். வெட்டும் கத்தி திரையில் வந்துவிட்டால் நடிகருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

இதையெல்லாம் குறை கண்டுபிடிக்கும் விளையாட்டாகச் சொல்லவில்லை. தொழிலின் ஒழுங்கு தெரியாமல் போனால் கதையும் கையைவிட்டுப் போகிறது என்பதே என் வருத்தம். ஓர் உதாரணம். ராமேஸ்வரத்தில் விசைப்படகு நினைத்த நாளில் கடலுக்குப் போக முடியாது. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். புயல் சின்னம் உருவானால் டோக்கன் கிடையாது. மூன்று நாளில் ஒரு நாள் காற்றில் போனால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டு நாளில் டீசல், ஐஸ், ரேஷன் செலவைக் கழித்து, படகுக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரித்த பிறகு கையில் நிற்பதுதான் அந்த வாரத்துக் குடும்பம். ஏற்கெனவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீனுக்கு விலை சொல்லும் உரிமையும் போய்விடும். சனிக்கிழமை டோக்கன் ரத்து என்ற ஒரு வரியில் ஒரு குடும்பம் ஆடிப்போகும். நம் படங்களில் மீனவன் எந்தக் கிழமையும் இல்லாமல், எந்தச் செலவும் இல்லாமல் கடலுக்குப் போகிறான். அதனால் அவன் திரும்பி வராத நாள் மட்டும்தான் கதையாகிறது.

பெண்களை அழ மட்டும் வைத்திருப்பதும் இதே காரணத்தால். நண்டு வலையை அந்தியில் போட்டு விடியலில் எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் வலையோடு கொட்டுவார்கள். கழற்றுவது பெரும்பாலும் பெண்கள். நண்டின் முதுகைப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்து, கடிகால் இரண்டையும் அசையவிடாமல் மடக்கி, நூலை ஒவ்வொரு மூட்டிலிருந்தும் உருவ வேண்டும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்த நண்டுக்கு எடுப்பவர் விலையைக் குறைப்பார். வெயில் ஏறுவதற்குள் வலை முழுவதையும் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நண்டு செத்து நீர்விடும். பேச்சும் சிரிப்பும் சண்டையும் அந்த வலையைச் சுற்றித்தான் நடக்கும். மாமியார் மருமகள் சண்டையை வரவேற்பறை சோபாவிலேயே வைத்து ஆண்டுக்கணக்கில் நகர்த்தும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

பாசி எடுக்கும் பெண்கள் திரையில் வந்ததாக நினைவே இல்லை. சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து படகில் போய், கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போ தகடோ கட்டிக்கொண்டு, சேலைக்கு மேலே சட்டையைப் போட்டு முங்குவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றும், அப்போதுதான் எட்டும். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்கினால் மறுபடி வளராது என்பதால் கிள்ளி எடுக்க வேண்டும், அதுவும் ஒரே மூச்சில். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, பாட்டி காலத்தில் போய்வந்த இடத்துக்குப் பேத்தி போனால் வனத்துறை மறிக்கிறது. பவளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் நியாயம், இவர்கள் வயிறும் நியாயம். வடகடல் பக்கம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பத்தில் வெளிநாட்டுப் பாசியைக் கட்டி வளர்த்து 45 நாளில் அறுக்கிறார்கள். பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் ஊரில் அதற்கு 'பெப்சி பாசி' என்றே பெயர். இத்தனை முரணும் நிறமும் உள்ள வாழ்க்கையை விட்டுவிட்டுக் கடற்கன்னிப் பாட்டுக்குத் தண்ணீரடிக் கேமராவை இறக்குகிறார்கள்.

எல்லைப் பிரச்சினையைத் தொடும் படங்களில் இலங்கைக் கடற்படை சுடும், மீனவன் சாவான். அந்தச் சாவுகள் உண்மை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், 'நீர்ப்பறவை' அதைக் கலங்க வைக்கும்படி சொன்னது. ஆனால் எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள் என்பது திரையில் வருவதே இல்லை. போர்க்காலத்தில் வடக்கு இலங்கை மீனவர்களுக்குக் கடலுக்குள் இறங்கவே கட்டுப்பாடு இருந்தது. 2009-க்குப் பிறகு அவர்கள் மறுபடி வலை எடுத்தபோது, இங்கிருந்து போகும் இழுவை மடி அவர்கள் இரவில் விட்டுவைத்த வலைகளை அறுத்துக்கொண்டு போனது. 2017-ல் இலங்கை இழுவை மடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டு இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்ற, படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம் வந்தது. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் ஒருநாள் தொழில் பார்த்துப் பழகியவன், வாரக்கணக்கில் வெளிக்கடலில் கிடந்து தூண்டில் போடப் போவது லேசான மாற்றம் அல்ல. கடன் வேறு. அந்தப் படகை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் மோதுவது துப்பாக்கிச் சத்தம் இல்லாமலே இரண்டரை மணி நேரம் தாங்கும்.

இலங்கை அகதிகள் கதையில் நம் சினிமா கொஞ்சம் நன்றாகவே செய்திருக்கிறது. பாலாவின் 'நந்தா' (2001) ராமேஸ்வரத்தையும் அங்கே வந்திறங்கியவர்களையும் பின்னணியாக விடாமல் கதைக்குள் இழுத்தது. அடுத்த ஆண்டே வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' ராமேஸ்வரம் முகாமில் பிறந்த குழந்தையிடமிருந்து தொடங்கியது. 2025-ல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' போருக்குப் பதில் பொருளாதார நெருக்கடியில் கிளம்பிய குடும்பத்தை எடுத்துக்கொண்டது. 2022-ல் இந்தக் கரைக்கு வந்தவர்களின் காரணமும் அதுதான். நடைமுறையில் பல நேரம் படகோட்டி ஆட்களைக் கரைவரை கொண்டுவருவதில்லை. அரிச்சல்முனையைத் தாண்டி இருக்கும் மணல் திட்டில் இரவில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், நிழல் இல்லாமல் காத்திருந்தவர்களைக் கடலோரக் காவல் படையோ கடலோரப் போலீஸோ வந்து எடுக்கும். பிறகு மண்டபம் என்ற ஊரில் விசாரணை, பிறகு முகாம். அந்தத் திட்டில் விடியும் வரை உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை இனி வரும் படங்களாவது காட்ட வேண்டும்.

காலத்தை வைத்தும் சரிபார்க்கலாம். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அதில் ரயில் நின்றது 2022 டிசம்பரில். நடுப்பகுதியைச் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. 2022 டிசம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் நடுவில் நடக்கும் கதையில் ரயிலில் பாலம் கடந்தால் தவறு. பேருந்து போகும் பாலம் 1988-ல்தான் வந்தது. அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017-ல் திறந்தது. தொண்ணூறுகளின் கதையில் நாயகன் அங்கே பைக்கில் பறக்க முடியாது, மணலில் வேன்தான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் பவளக்கல் தேவாலயத்துச் சுவருக்கு முன்னால் குத்துப்பாட்டு எடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: ஊரோடு ஜனம் செத்த இடம் அது.

புயல் கூண்டும் அடிக்கடி தப்பாக வரும். பாம்பனில் 1-ஆம் எண் ஏற்றினால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள், ஊர் ஓடாது. 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 7-ம் 10-ம் என்றால் புயல் துறைமுகத்துக்கு மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. அந்தப் பதினொன்றை எந்தப் படமும் பயன்படுத்தவில்லையே என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

இப்போது பார்வையாளர் மாறிவிட்டார். மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்' மாதிரி யூடியூப் சேனல்கள் கடலுக்குள் நடப்பதை அப்படியே காட்டிவிட்டன. சேலத்தில் இருப்பவருக்கும் வலை எப்படி வைப்பார்கள், எந்த மீன் எப்படித் துள்ளும் என்று தெரியும். கூடையில் குளத்து மீனான கட்லாவை நிரப்பிக் கடல் மீன் என்று இனி காட்ட முடியாது.

இங்கே படம் எடுக்க வருகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில. தடைக்காலத்தில் விசைப்படகு வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் எல்லாப் படகும் தொழிலில்லாமல் கிடக்கும். பாதிப் படகு கரையேறிப் புதுப் பெயிண்டில் நிற்கும், வலை காய்ந்திருக்கும், ஐஸ் இருக்காது. திரையிலும் அந்த வறட்சி தெரியும். மாசி, பங்குனியில் வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் எடுக்காமல் இரண்டு கடலும் இணங்கிக் கிடக்கும், தொழிலும் நடக்கும். தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்க வேண்டும். படகு எடுக்கும் முன் சம்மாட்டியிடம் மட்டும் பேசினால் போதாது; அந்தப் படகின் டிரைவரையும் ஒரு முழு நாள் கூட வைத்துக்கொண்டு, கதையில் வரும் கடல் காட்சி ஒவ்வொன்றையும் அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நடக்காது என்று அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அப்படியானால் என்ன நடக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.